எங்கள் வீட்டுத் தையற்கூடம்

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல் – இயற்பியல்)

உணவு, உடை, உறையுள் என்று மனிதனின் அடிப்படைத் தேவைகளை மூன்றாக வகுத்துச் சொல்வது வழக்கம். எவ்வளவு சிறிய வீடானாலும் உணவு சமைக்க ஓர் அடுப்படி இருக்கிறது. உறங்குவதற்குப் பாய் விரிக்க ஓர் இடம் இருக்கிறது. ஆனால் உடை தைப்பவருக்கு வீட்டிற்குள் ஓர் இடம் உண்டா? எத்தனையோ வீடுகளில் தையற்பொறி கட்டிலின் தலைமாட்டிலோ, நடைவழியிலோ, அரிசி மூட்டைக்கும் சைக்கிளுக்கும் இடையிலோ நின்றுகொண்டிருக்கும். அதன்மேல் பழைய துணிகளும் புத்தகப் பைகளும் குவிந்து கிடக்கும். வேலை தொடங்க வேண்டுமானால் முதலில் அவற்றை அகற்ற வேண்டும். விருந்தினர் வந்துவிட்டாலோ பொறியையே அகற்ற வேண்டும்.

திருப்பூர்ப் பக்கத்துக் குடும்பங்களுக்குத் தையல் புதிய செய்தி அன்று. என் தாயார் எட்டாம் வகுப்போடு படிப்பை நிறுத்தியவர். பின்னாளில் ஒரு பனியன் கம்பெனியில் கைமடிக்கும் வேலைக்குச் சேர்ந்து, பிசிறு வெட்டி, பிறகு பவர் டேபிளில் தையற்காரர் ஆனார். இருபது ஆண்டு உழைப்பிற்குப் பின் முதுகுவலியும் கழுத்துவலியும் அவரை வாட்டத் தொடங்கின. இரவு எட்டரை மணிக்கு மேல் ஓவர்டைம் பார்க்க உடல் இடம் தரவில்லை. ஆகவே வீட்டிலிருந்தே ஜாக்கெட், சுடிதார் தைத்துக் கொடுப்பது என்று முடிவு செய்தார். பழைய கால்மிதிப் பொறி ஒன்றை 3,500 ரூபாய்க்கு வாங்கினோம். அந்தப் பொறிக்கு வீட்டில் ஓர் இடம் அமைத்ததையும், அதனால் நான் அறிந்துகொண்டதையும் இவ்விதழ் வாயிலாகத் தோழர், தோழியரோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பொறி பிறந்த கதை

தையற்பொறியின் வரலாறு சுவையானது. 1790ஆம் ஆண்டில் இங்கிலாந்தில் தாமஸ் செயின்ட் என்பவர் தோல் தைக்கும் பொறி ஒன்றுக்குக் காப்புரிமை பெற்றார். பிரான்சு நாட்டுத் தையற்காரர் பார்த்தலெமி திமோனியே 1830இல் காப்புரிமை பெற்ற பொறிகள் பாரிஸ் நகரில் படைவீரர்களின் சீருடைகளைத் தைத்தன. தங்கள் பிழைப்பு போய்விடும் என்று அஞ்சிய தையற்காரர்கள் 1831இல் கூட்டமாகப் புகுந்து அப்பொறிகளை உடைத்தெறிந்தனர். பின்னர் அமெரிக்காவில் எலியாஸ் ஹோவ் 1846இலும், ஐசக் சிங்கர் 1851இலும் காப்புரிமை பெற்றனர்.

கையால் தைக்கும் ஊசிக்குக் காது தலைப்பக்கம் இருக்கிறது. பொறியின் ஊசிக்கோ காது முனைப்பக்கம் இருக்கிறது. இந்தச் சிறிய மாற்றத்தில்தான் பெரிய சூட்சுமம் அடங்கியுள்ளது. மேல்நூல் துணியைத் துளைத்துக்கொண்டு கீழே இறங்கி ஒரு கண்ணியாக விரிகிறது. அக்கண்ணிக்குள் பாபின் நூல் புகுந்து வெளிவருகிறது. ஊசி மேலே ஏறும்போது இரண்டு நூல்களும் துணியின் நடுவே பூட்டிக்கொள்கின்றன. ஒரு நூல் இழுத்தாலும் மற்றொரு நூல் விடுவதில்லை.

இயந்திரங்களின் மீது மோகம் கொள்ளலாகாது என்று எச்சரித்த காந்தியடிகள், தையற்பொறிக்கு விலக்கு அளித்தார். 1924இல் ‘யங் இந்தியா’ இதழில் வெளிவந்த ஓர் உரையாடலில், சிங்கர் பொறி உண்மையில் பயனுள்ள கண்டுபிடிப்புகளுள் ஒன்று என்றும், கையால் தைத்துத் தைத்துத் துன்புற்ற தம் மனைவியின் மீது கொண்ட அன்பினால் சிங்கர் அதனை உருவாக்கினார் என்றும் அவர் கூறினார். சிங்கர் வருவாயைக் கருதியே அப்பணியில் இறங்கினார் என்பது அவருடைய வரலாற்றை ஆராய்ந்தோர் கருத்து. ஆயினும் காந்தியடிகளின் அளவுகோல் சரியானதே. தைப்பவரின் உடல் வருத்தத்தை ஒரு கருவி குறைக்கிறதா என்பதை வைத்தே அதனை மதிப்பிட வேண்டும். அந்த அளவுகோலை எங்கள் வீட்டிற்கும் வைத்துப் பார்த்தோம். பொறி மட்டும் இருந்தால் போதாது. இடமும் ஒளியும் இருக்கையும் சேர்ந்தால்தான் உடல் வருத்தம் குறையும் என்பது விளங்கிற்று.

இடமும் ஒளியும்

எங்கள் வீடு இரண்டே அறைகள் கொண்டது. முன்னறையின் கீழ்மூலையில், ஜன்னலை ஒட்டி, எட்டடி நீளமும் ஆறடி அகலமும் உள்ள பகுதியைத் தையலுக்கென்று ஒதுக்கினோம். பொறியின் உடல் வலப்பக்கமும் ஊசி இடப்பக்கமும் அமைந்திருப்பதால், ஜன்னல் இடப்பக்கம் வருமாறு பொறியை வைத்தோம். அப்போதுதான் பொறியின் நிழலும் வலக்கையின் நிழலும் ஊசியின்மேல் விழாமல் இருக்கும்.

இரவில் என்ன செய்வது? சுவரின் உச்சியில் ஒரு 9 வாட் எல்.இ.டி. விளக்கு இருந்தது. ஊசிக்கும் அதற்கும் ஆறடி தூரம். ஒளியின் செறிவு தூரத்தின் இருமடிக்கு எதிர்விகிதத்தில் குறையும் என்று முதலாண்டில் படித்திருக்கிறோம் அல்லவா? அதே விளக்கை ஊசிக்கு ஒன்றரை அடி தூரத்தில் கொண்டுவந்தால் தூரம் நான்கில் ஒன்றாகும். ஊசிமுனையில் விழும் ஒளி ஏறத்தாழ பதினாறு மடங்காகும். மின்செலவு ஒரு காசும் கூடாது. பழைய பால்பவுடர் டப்பாவை வெட்டி மூடியாக்கி, வளையும் இரும்புக் குழாயில் பொருத்தி, கண்ணில் ஒளி படாமல் துணியின்மேல் மட்டும் படுமாறு மாட்டினேன். அன்று முதல் கருப்புத் துணியில் கருப்பு நூல் ஓட்டுவதற்கு அம்மா பகலுக்குக் காத்திருப்பதில்லை.

தந்தையார் கட்டடங்களில் சென்ட்ரிங் வேலை செய்பவர். இடித்த வீடு ஒன்றிலிருந்து பழைய மரக்கதவு ஒன்றை அவர் கொண்டுவந்தார். ஆறரை அடி நீளம், மூன்றடி அகலம். சென்ட்ரிங்கில் மீந்த சட்டங்களைக் கொண்டு கால்கள் அடித்து, அதனை வெட்டுமேசை ஆக்கினோம். உயரத்தில்தான் கவனம் வேண்டும். நம் வீடுகளில் தரையில் துணியை விரித்துக் குனிந்து வெட்டுவதே வழக்கம். முதுகுவலிக்கு அதுவே பாதிக் காரணம். அம்மாவை நிற்கச் சொல்லி இடுப்பு உயரத்தை அளந்தேன். 36 அங்குலம். மேசையின் உயரமும் அதுவே. கதவின் ஒரு பாதியில் பழைய கம்பளியை இரண்டாக மடித்துப் போட்டு, வெள்ளை வேட்டித் துணியை இழுத்துக் கட்டி, இஸ்திரி போடும் இடமாகவும் ஆக்கினோம். தையலில் பாதி அழகு இஸ்திரியில் இருக்கிறது என்பார் அம்மா.

இங்கே ஓர் எச்சரிக்கை. 1,000 வாட் இஸ்திரிப் பெட்டி நான்கு ஆம்பியருக்கு மேல் மின்னோட்டத்தை இழுக்கும். விளக்குக்குப் போட்ட மெல்லிய வயரில் அதனை இணைக்கலாகாது. நில இணைப்பு உள்ள மூன்று துளைப் பிளக்கில்தான் இணைக்க வேண்டும்.

காலும் சக்கரமும்

கால்மிதிப் பொறியைப் பார்க்கும்போதெல்லாம் நம் பாடநூலின் பக்கங்கள் எனக்கு நினைவுக்கு வரும். மிதிக்கும் முன்பின் அசைவு சுழற்சியாகிறது. கீழே உள்ள கனமான சக்கரம் தன் நிலைமத்தால் கால் ஓயும் நொடியிலும் சுழன்றுகொண்டிருக்கிறது. எங்கள் பொறியின் பெரிய சக்கரத்தின் விட்டம் 12 அங்குலம். மேலே பெல்ட் ஓடும் சிறிய சக்கரத்தின் விட்டம் 3 அங்குலம். ஆகவே ஒரு மிதிக்கு மேற்சக்கரம் நான்கு முறை சுற்றும்; நான்கு தையல் விழும்.

பெல்ட் தளர்ந்தால் சக்கரம் வழுக்கும், மிதி வீணாகும். அப்போது தோல் பெல்ட்டில் கால் அங்குலம் வெட்டி மீண்டும் கொக்கி மாட்ட வேண்டும். துணியின் அடியில் நூல் கண்ணி கண்ணியாகத் தொங்கினால், பெரும்பாலும் மேல்நூலின் இறுக்கம் போதவில்லை என்று பொருள். மெல்லிய துணிக்கு 11ஆம் எண் ஊசி, சாதாரணப் பருத்திக்கு 14, கனத்த துணிக்கு 16 அல்லது 18. எண்ணெய்த் துளைகளில் மெஷின் ஆயில் மட்டும் ஒவ்வொரு சொட்டு விட்டு, முதலில் ஒரு கழிவுத் துணியில் ஓட்டிப் பார்க்க வேண்டும். தேங்காயெண்ணெய் விட்டால் நாளடைவில் பிசுபிசுத்துப் படிந்து சக்கரம் இறுகிவிடும்.

வீட்டிலே செய்த கருவிகள்

கடைக்குப் போனால் எல்லாவற்றுக்கும் ஒரு விலை உண்டு. எங்கள் தையற்கூடத்தின் துணைக்கருவிகளில் பெரும்பாலானவை வீட்டிலே பிறந்தவை.

நூல்கண்டுகள் உருண்டு சிக்காவதைத் தடுக்க, இரண்டடி ரீப்பர் கட்டையில் இரண்டு அங்குல இடைவெளியில் ஆணிகளைச் சற்றுச் சாய்வாக அடித்துச் சுவரில் மாட்டினோம். ஆணிக்கு ஒரு கண்டு. எந்த நிறம் தீர்ந்தது என்பது பார்த்தவுடன் தெரியும். பழுதான ஒலிபெருக்கியிலிருந்து எடுத்த வட்டக் காந்தத்தை ஒரு தட்டின் அடியில் ஒட்டினேன். குண்டூசிகள் சிதறாமல் அதில் ஒட்டிக்கொள்கின்றன. தரையில் விழுந்ததையும் அதைக் கொண்டே பொறுக்கலாம். தவழும் குழந்தைகள் வந்துபோகும் வீட்டில் இது மிகவும் இன்றியமையாதது. தேங்காய்ச் சிரட்டையில் மரத்தூளை அடைத்த துணிப்பந்தை ஒட்டினால் அருமையான ஊசிமெத்தை கிடைக்கும். குளித்துத் தேய்ந்த சோப்புச் சில்லைக் காயவைத்தால் அடர்நிறத் துணியில் கோடு போட உதவும். துவைத்தால் தடம் தெரியாமல் போகும்.

பழைய காலண்டர் அட்டைகளில் 32, 34, 36, 38 என்று அளவுவாரியாக ஜாக்கெட் மாதிரிகளை வெட்டி, துளையிட்டு, ஆணியில் தொங்கவிட்டோம். காகிதம் வெட்ட ஒரு கத்தரிக்கோல், துணி வெட்ட வேறொன்று. காகிதத்தில் கலந்துள்ள களிமண் பொடி கத்தரியின் கூரை மழுக்கிவிடும் என்பதால், துணிக் கத்தரிக்குச் சிவப்பு நாடா கட்டி, யாரும் தொடலாகாது என்று வீட்டில் சட்டம் போட்டிருக்கிறோம். பொறிக்கு 3,500, ஆயில், பெல்ட், ஊசிகளுக்கு 300, விளக்கு, வயர், சுவிட்சுக்கு 350, ஆணி, திருகுகளுக்கு 150, கத்தரிக்கோல் இரண்டுக்கு 700 என்று மொத்தம் 5,000 ரூபாயில் எங்கள் தையற்கூடம் எழுந்தது.

பழகுவோர்க்கு முதற்பாடம்

புதிதாகத் தையல் பழகுவோர் ஜாக்கெட்டில் தொடங்கினால் மனம் தளர்ந்துவிடுவர். துணிப்பையில் தொடங்குவதே நலம். ஒருமுறை பயன்படுத்தித் தூக்கி எறியும் பிளாஸ்டிக் பொருள்களைத் தமிழக அரசு 2019 சனவரி முதல் தடைசெய்ததையும், 2021 இறுதியில் ‘மீண்டும் மஞ்சப்பை’ இயக்கத்தைத் தொடங்கியதையும் அனைவரும் அறிவோம். நாமே ஒரு மஞ்சப்பை தைத்துப் பார்க்கலாமே!

முதலில் காடாத் துணியைத் தண்ணீரில் ஊறவைத்து உலர்த்துங்கள். பருத்தி சுருங்கும் இயல்புடையது. தைத்த பின் சுருங்குவதைவிட வெட்டுமுன் சுருங்கட்டும். 36 அங்குல நீளமும் 15 அங்குல அகலமும் உள்ள துண்டைப் பாவு நூலின் போக்கில் நேராக வெட்டுங்கள். வாய்ப்பகுதிகள் இரண்டையும் ஒன்றரை அங்குலம் மடித்து அடியுங்கள். பிறகு துண்டை இரண்டாக மடித்து, பக்கங்களில் அரை அங்குலம் விட்டு இரட்டைத் தையல் போடுங்கள். 20 அங்குல நீளமும் 3 அங்குல அகலமும் உள்ள இரண்டு பட்டைகளை மூன்றாக மடித்து அடித்தால் கைப்பிடிகள் ஆயின.

கைப்பிடியை இணைக்கும் இடத்தில் ஒரே வரியாக அடித்துவிடக் கூடாது. சிறு சதுரமாக அடித்து, அதற்குள் பெருக்கல் குறி போல் குறுக்கே அடிக்க வேண்டும். ஐந்து கிலோ அரிசி வாங்கினால் பை ஏறத்தாழ 50 நியூட்டன் விசையைத் தாங்குகிறது. இணைப்புகள் நான்கு, ஆகவே ஒவ்வொன்றும் 12 நியூட்டனுக்குச் சற்று மேல் தாங்க வேண்டும். ஒரே வரித் தையலில் அந்த விசை முழுதும் சில நூல்களின்மேல் விழும். சதுரத்தில் பல நூல்கள் அதைப் பங்கிட்டுக்கொள்ளும்.

இந்தக் கணக்கை நான் அம்மாவிடம் விளக்கியபோது அவர் சிரித்தார். துணியை மூலைவாட்டில் இழுத்துக் காட்டினார். நேராக இழுத்தால் நீளாத துணி, மூலைவாட்டில் இழுத்தால் நீண்டது. விசை பாவிலும் இல்லாமல் ஊடையிலும் இல்லாமல் இரண்டுக்கும் நடுவே விழுவதால், நூல்கள் ஒன்றையொன்று சாய்த்து இடம் கொடுக்கின்றன. கிராஸ் கட்டிங் ஜாக்கெட் உடலோடு படிந்து நிற்பதும், கழுத்து வளைவுக்குக் கிராஸ் பீஸ் வைப்பதும் இதனால்தான். 45 பாகை என்ற சொல்லை அவர் அறியமாட்டார். ஆனால் பாகைமானி இல்லாமலே 45 பாகையில் அவரால் வெட்ட முடியும். நான் இரண்டு ஆண்டுகளாகப் படிக்கும் விசைகளை அவர் விரல்கள் இருபது ஆண்டுகளாக அறிந்திருக்கின்றன.

‘சும்மா’ என்னும் சொல்

கூடம் அமைந்தது, வேலையும் வந்தது. கூலி மட்டும் வரவில்லை. “சும்மாதானக்கா வீட்டுல இருக்கற? இந்தச் சீலைக்கு ஓரம் அடிச்சு வெச்சிரு” என்று சொல்லிவிட்டுப் போவார்கள். கம்பெனியில் பீஸுக்கு இவ்வளவு என்று வாரக் கணக்குப் பார்த்து வாங்கியவர்தான். வீட்டில் தைக்கும்போது அவருக்கே கேட்க வாய் வரவில்லை. “பக்கத்து வூட்டுக்காரங்ககிட்ட எப்படிக் கண்ணு காசு கேக்கறது?” என்பார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை, அம்மா தைத்து முடித்த சாதா ஜாக்கெட் ஒன்றை எடுத்து, அதிலுள்ள எல்லாத் தையல்களையும் இஞ்சு டேப்பால் அளந்து கூட்டினேன். இரட்டைத் தையல்களையும் சேர்த்து ஏறத்தாழ 400 அங்குலம் வந்தது. அங்குலத்துக்கு 12 தையல் வீதம் 4,800 தையல்கள். மிதிக்கு நான்கு தையல் என்றால் 1,200 மிதிகள். வெட்டுவதும், கொக்கி கட்டுவதும், எம்மிங் செய்வதும், இஸ்திரி போடுவதும் இக்கணக்கில் சேரவில்லை. நாளுக்கு ஐந்து ஜாக்கெட் தைத்தால் 6,000 மிதிகள்! இதற்குப் பெயர் சும்மா இருப்பதா?

அந்தக் கணக்கைத் தாளில் எழுதிக் காட்டினேன். அம்மா நெடுநேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்தார். மறுநாள் ஒரு சிலேட்டுப் பலகையில் ஓரம் அடிக்க 20 ரூபாய், சாதா ஜாக்கெட் 120 ரூபாய், லைனிங் ஜாக்கெட் 250 ரூபாய் என்று எழுதி, வெட்டுமேசைக்கு மேலே மாட்டினோம். அளவு நோட்டில் பெயர், அளவு, தரும் நாள், கூலி என்று நான்கு பத்திகள் போட்டோம். சிலர் முகம் சுளித்தனர். ஒருவர் இரண்டு மாதங்கள் வரவேயில்லை. பிறகு தீபாவளிக்கு நான்கு ஜாக்கெட்டுகளோடு வந்தார். பலகையைப் பார்த்து எண்ணிக் கொடுத்தார். 120 ரூபாய்க்கு 1,200 மிதி என்றால் ரூபாய்க்குப் பத்து மிதி. அதுவும் குறைவுதான். ஆனால் இனாமாக மிதித்த காலம் போயிற்று.

ஒழுங்காகக் கூலி வரத் தொடங்கிய பின், 2022இல் தொடங்கப்பட்ட புதுமைப் பெண் திட்டத்தில் எனக்குக் கிடைத்த தொகையிலிருந்து கொஞ்சம் சேர்த்து, 1,800 ரூபாயில் 100 வாட் மோட்டார் ஒன்று பொருத்தினோம். பத்து மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். அம்மாவின் முழங்கால்களுக்கு அது பெரிய ஆறுதல்.

இடம் எதற்காக?

ஒரு மேசையும் ஒரு விளக்கும் ஒரு பலகையும் இவ்வளவு செய்யுமா என்று நீங்கள் வினவலாம். செய்கின்றன. மூலையில் மறைந்து கிடந்தபோது அந்த வேலை யார் கண்ணிலும் படவில்லை. செய்தவர் கண்ணிலும் படவில்லை. அதற்கென்று ஓர் இடம் ஒதுக்கியவுடன் அது தொழிலாயிற்று. இப்போது அம்மா தைத்துக்கொண்டிருந்தால், “கொஞ்சம் டீ போடு” என்று யாரும் கூப்பிடுவதில்லை. தந்தையார் தாமே அடுப்படிக்குப் போகிறார்.

தமிழ்நாட்டில் தையல் தொழிலாளர்களுக்கென்று தனி நலவாரியம் இருக்கிறது. வீட்டிலிருந்து தைப்பவர்களும் தொழிலாளர்களே. அம்மாவும் அதில் பதிவு செய்துகொண்டார். வறுமையில் வாடும் பெண்களுக்கும் கைம்பெண்களுக்கும் இலவசத் தையற்பொறி வழங்கும் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தால் பொறி பெற்ற குடும்பங்களும் நம் பக்கத்தில் உண்டு. கொடுக்கும் பொறி மூலையில் துருப்பிடிக்காமல் இருக்க வேண்டுமானால், அதற்கு வீட்டில் ஓர் இடமும், செய்யும் வேலைக்கு ஒரு விலையும் வேண்டும்.

சென்ற ஆண்டு கல்வி உதவித்தொகைப் படிவத்தில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தில் ‘இல்லத்தரசி’ என்று எழுதியிருந்தேன். அது பொய்யன்று, அப்போது அவர் கம்பெனியை விட்டிருந்தார். இவ்வாண்டுப் படிவத்தில் ‘தையல் தொழிலாளி’ என்று எழுதினேன். அம்மா அதை ஒவ்வோர் எழுத்தாகப் படித்துப் பார்த்துவிட்டு, கீழே கையெழுத்திட்டார்.

தோழர்களே, தோழியரே! நம்மில் பலர் நம் குடும்பத்தில் முதன்முதலாகக் கல்லூரி வாயிலை மிதித்தவர்கள். நம் வீடுகளில் பீடி சுற்றுபவர் உண்டு. பூத் தொடுப்பவர் உண்டு. மாவு அரைத்து விற்பவர் உண்டு. கூடை முடைபவர் உண்டு. அவர்களுடைய உழைப்பே நம் கட்டணமாகவும் பேருந்துக் காசாகவும் மாறுகிறது. விடுமுறை நாள்களில் நம் பாடநூலையும் ஓர் அளவுகோலையும் எடுத்துக்கொண்டு அவர்கள் அருகில் அமர்வோம். எந்தப் பக்கம் ஒளி வேண்டும், எவ்வளவு உயரத்தில் பலகை வேண்டும், ஒரு நாளைக்கு எத்தனை முறை குனிகிறார்கள் என்று அளந்து பார்ப்போம். பின்னர் ஆணியும் சுத்தியலும் எடுப்போம். கற்ற கல்வி முதலில் பிறந்த வீட்டிற்குப் பயன்படட்டும். அங்கிருந்து ஊருக்கும் நாட்டுக்கும் பரவட்டும்!